கத்துவதற்குப் போட்ட மனு

ஈரச் சாக்கின் வாசனை எனக்கு இன்றைக்கும் பகல் தூக்கத்தின் வாசனைதான். நெய்வேலியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் படுக்கிற அறைக்கு ஒரே ஜன்னல். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரம் முழுக்க அம்மா அதில் ஒரு கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டிருப்பாள், வெயிலும் வரக்கூடாது, கரித்தூசியும் வரக்கூடாது, தெருச் சத்தமும் முடிந்த மட்டும் வரக்கூடாது என்று. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒரு பழைய துணியை மடித்துப் போட்டிருப்பாள். அந்தச் சொட்டுச் சத்தம்கூட சுரங்கத்தில் ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு வந்த மனிதனின் காதில் விழக்கூடாதாம்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மந்தாரக்குப்பத்தில் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. இரண்டு குடோன், மூன்று மினி லாரி, பதினாறு ஆள். இந்த வட்டாரத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊராக இருந்தாலும் உட்காருகிற நாற்காலி என்னுடையதாகத்தான் இருக்கும். யாரும் எனக்குக் கையைப் பிடித்துக் கொடுத்த தொழில் இல்லை, நானே நின்று செய்தது. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அடிக்கிற அளவுக்கு என்னிடம் இருக்கிறது. இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் அடங்கி இருந்தார்கள், நாலு போட்டால் சொன்ன பேச்சைக் கேட்டார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் கெட்டுப்போயின என்று படித்தவர்கள்கூடப் பேசுகிறார்கள். அந்தக் காலத்துப் பிள்ளை நான். நான் அடங்கி இருக்கவில்லை.

வீட்டில் அடங்கித்தான் இருந்தேன். அதுதான் விஷயமே. 'நைட்டு வாரம்' என்று எங்கள் வீட்டில் ஒரு சொல் இருந்தது. நைட்டு வாரம் வந்தால் குக்கர் வைக்கக் கூடாது, விசில் அடிக்கும். அம்மியில் அரைக்கக் கூடாது. ரேடியோவுக்கு ஒரு துண்டைப் போர்த்தி மூலையில் வைத்துவிடுவார்கள். அப்பா காலை ஏழு மணிக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மதியம் தாண்டி எழுந்து, சாயங்காலம் மறுபடியும் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அதுவரைக்கும் எங்களுக்குப் பேச்சே 'சாடை'தான். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலைக் காட்ட வேண்டும், பசித்தால் வயிற்றில் இரண்டு தட்டு. என் தம்பிகள் இருவருக்கும் பேச்சு வருவதற்கு முன்பே சாடை வந்துவிட்டது. அடுத்த வாரம் அப்பாவுக்கு ஷிப்ட் மாறிவிடும், சரி, கத்தலாம் என்று வாசலுக்கு ஓடினால் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவார்: "ஏ பொண்ணு, எங்க வூட்டுக்காரரு நைட்டு. சத்தம் போடாத போ." அவர்கள் வீட்டிலும் ஈரச் சாக்கு தொங்கும். பிளாக் முழுக்க எப்போதும் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டே இருந்தார்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளை எங்கே போய்த் திறக்கும்? பள்ளிக்கூடத்தில் திறந்தேன். கிள்ளினேன், தள்ளினேன், பெஞ்சின் மேல் ஏறி நின்று கூவினேன். மூன்றாம் வகுப்பில் கீதா என்று ஒரு பெண், அவளுடைய அப்பா ஆபீசில் காலை போய் மாலை வருகிற 'ஜெனரல் ஷிப்ட்'காரர். நான் கூவியபோது அவள் உதட்டில் விரலை வைத்து, "உஸ்" என்றாள். அவ்வளவுதான். கையிலிருந்த சிலேட்டால் அவள் நெற்றியில் அடித்துவிட்டேன். சட்டம் ஒரு பக்கம் கழன்று போயிற்று, ரத்தம் வந்தது. ஏன் அடித்தாய் என்று கேட்டார்கள். எனக்கே தெரிந்தால்தானே சொல்ல.

தலைமையாசிரியரை நாங்கள் 'பெரிய சார்' என்போம். கெட்டவர் இல்லை, ஆனால் எதற்கும் அவரிடம் இரண்டு மருந்துதான் இருந்தது, ஒன்று பிரம்பு, இன்னொன்று டி.சி. பிரம்பு எனக்கு முடிந்துவிட்டது. "இன்னொரு தடவ கை நீட்டுன, டி.சி.ய கிழிச்சி கையில குடுத்துருவேன்" என்றார். டி.சி. வாங்கினால் எனக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. குள்ளஞ்சாவடிப் பக்கம் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே மாடும் புல்லறுப்பும்தான். அன்றைக்கு எனக்கு என் பெயரைத் தாண்டி ஒரு வரி சரியாக எழுத வராது. அதோடு போயிருந்தால் இன்றைக்கு இதை எழுதுகிற கையில் அரிவாள்தான் இருந்திருக்கும்.

எங்கள் வகுப்புக்கு வந்திருந்தவர் ஜரீனா டீச்சர். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், முதல் வேலை, எங்களைவிடக் கொஞ்சம் பெரிய பெண்ணைப் போல இருப்பார். வீட்டில் தினமும் அடிபடுகிற பிள்ளைதான் இப்படி வெளியே அடிக்கும் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். ஒருநாள் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், "வா, உங்க வீட்டுக்குப் போவலாம்" என்று என்னையே கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனேன். பிளாக்குக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்தினேன், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"என்ன, முள்ளு குத்திடுச்சா?" என்றார் டீச்சர்.

நான் தலையை ஆட்டினேன். வீட்டு வாசலுக்கு வந்து, தட்டாதீர்கள் என்று சாடை காட்டுவதற்குள் டீச்சர் கதவின் நாதாங்கியைப் பிடித்துப் படபடவென்று தட்டிவிட்டார். நெய்வேலியில் பிறந்தவன் எவனும் பட்டப்பகலில் ஒரு கதவை அப்படித் தட்டமாட்டான். அம்மா கதவைத் திறந்து உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது: "எவன்டா அது, நைட்டு போட்டு வந்தவன் வூட்டுக் கதவ ஒடைக்கிறவன்?" பின்னாலேயே அப்பாவும் வந்தார், கண் இரண்டும் மிளகாய்ப் பழம், ஒரு கையில் அவிழ்ந்த லுங்கி. டீச்சரைப் பார்த்ததும் அப்படியே திரும்பி உள்ளே ஓடி, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிருங்க. எனக்குத் தெரியாதுங்க. எங்க ஊர்ல பகல்ல படுத்திருந்தா காய்ச்சல்னு அர்த்தம்."

"இந்த ஊர்ல படுக்கலன்னாதான் காய்ச்சல் வரும், உக்காருங்க" என்றார் அப்பா.

அம்மா மெல்லிய குரலில், "இவ ஏதாச்சும் வம்பு பண்ணிக்கினு வந்துட்டாளா டீச்சர்? நம்பவே மாட்டேங்க. வூட்டுல இவ மாதிரி அடக்கமான புள்ள இந்த பிளாக்குலயே கெடையாது. மூச்சு விடற சத்தம் கேக்காது" என்றாள்.

டீச்சர் ஜன்னலில் தொங்கிய சாக்கைப் பார்த்தார், கீழே மடித்துப் போட்டிருந்த துணியைப் பார்த்தார், கையில் செருப்போடு நின்ற என்னைப் பார்த்தார். "மூச்சு விடற சத்தம்கூடவா?" என்று கேட்டார். அம்மா பெருமையாகத் தலையாட்டினாள். என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போகும்போது டீச்சரும் பிளாக் தாண்டும்வரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பலகை இருந்தது. அதில் மூன்று ஆணி. காலை, மதியம், இரவு என்று ஆணிக்கு மேலே எழுதியிருந்தார். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு அட்டைத் துண்டு, அதில் பெயர். இந்த வாரம் உங்கள் அப்பாவுக்கு எந்த ஷிப்ட்டோ அந்த ஆணியில் மாட்டுங்கள் என்றார். மூன்று வாரத்தில் அவர் கண்டுபிடித்ததைப் பெரிய சார் முப்பது வருடத்தில் கண்டுபிடிக்கவில்லை. இரவு ஆணியில் தொங்குகிற பிள்ளைகள்தான் அந்த வாரம் அடித்துக்கொண்டார்கள். மதிய ஆணிப் பிள்ளைகள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுதார்கள், ஏனென்றால் பள்ளி விட்டு வீடு போகும்போது அப்பா வேலைக்குப் போயிருப்பார், திரும்பி வரும்போது அவர்கள் தூங்கியிருப்பார்கள், காலையில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு வீட்டில் இருந்துகொண்டே வாரம் முழுக்க முகம் பார்க்காத அப்பா. அவர்களை டீச்சர் தினமும் அப்பாவுக்கு ஒரு வரி எழுதச் சொன்னார், "அப்பா சாப்பிடுற தட்டு மேல வச்சிட்டுத் தூங்குங்க" என்று. அப்பாவுக்கு மதிய ஷிப்ட் வந்த வாரம் நானும் எழுதினேன். எனக்கு எழுத்து வந்தது புத்தகத்தால் இல்லை, அந்தத் தட்டால்தான்.

இரவு ஆணிப் பிள்ளைகளை மைதானத்தின் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "இப்ப கத்துங்க" என்றார். முதல் நாள் எனக்குச் சத்தம் வரவில்லை. வகுப்பில் கூரையைப் பிய்க்கிறவள் நான், கத்து என்று சொன்னதும் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஓ" என்று ஒரு கத்து கத்தினார். சிரித்துவிட்டோம். அதற்கப்புறம் நான் கத்தியதை எப்படிச் சொல்வது, வயிற்றின் அடியில் வருடக்கணக்காகக் கிடந்ததெல்லாம் ஏறி வந்தது. கத்தி முடித்து உட்கார்ந்தபோது கை கால் லேசாக இருந்தது, யாரையும் அடிக்கத் தோன்றவில்லை. மறுநாள் கீதா, நெற்றியில் தழும்போடு, தன் அட்டையைக் கொண்டுபோய் இரவு ஆணியில் மாட்டினாள். "உங்க அப்பா ஜெனரல் ஷிப்ட்தானே?" என்று டீச்சர் கேட்டார். "இல்ல டீச்சர், இந்த வாரம் மட்டும் நைட்டு" என்று கூசாமல் பொய் சொன்னாள். டீச்சர் அந்த அட்டையை எடுக்கவில்லை.

மூன்று நாள்தான். பள்ளிக்கூட மைதானத்தின் கோடியை ஒட்டியும் குவார்ட்டர்ஸ்தான், அங்கேயும் ஈரச் சாக்குதான். பரமசிவம் என்று ஒருவர், அப்பாவோடு வேலை பார்க்கிறவர், அந்த வரிசையில் குடியிருந்தார். பிள்ளைகள் போடுகிற கூச்சலில் நைட் ஷிப்ட் தொழிலாளர்கள் தூங்க முடியவில்லை, உடனே நிறுத்த வேண்டும் என்று அவர் ஒரு மனு எழுதி, நிறையக் கையெழுத்து வாங்கிப் பெரிய சாரிடம் கொடுத்துவிட்டார். பெரிய சார் பலகையைக் கழற்றச் சொன்னார். இத்தனைக்கும் காரணம் இந்த ஒரு பெண்தான் என்று டி.சி. புத்தகத்தை எடுத்து என் பெயரையும் எழுதிவிட்டு, அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

அப்பா ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்தார், முகத்தில் கரியோடு. நான் கதவோரம் நின்றேன். ஜரீனா டீச்சர் சுவரோரம் நின்றார்.

"டி.சி.ய வாங்க மாட்டேன் சார்" என்றார் அப்பா. "புள்ள படிக்கணும். கத்துனா எவன் தூக்கம் சார் கெட்டுச்சு? எவன் கையெழுத்து போட்டான், காட்டுங்க. நான் போயி கேக்கறேன்."

பெரிய சார் மனுவைத் திருப்பி அப்பா பக்கம் நகர்த்தினார். "மூணாவது பேர் யாருதுப்பா?"

அப்பா குனிந்து பார்த்தார். "என்துதான் சார்."

"அப்புறம் என்ன?"

"நேத்து காலையில பஸ்ஸுல நீட்டுனாங்க சார். சொசைட்டி அரிசி விஷயம்னு நெனச்சிப் போட்டுட்டேன்."

ஷிப்ட் பஸ்ஸைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காலை ஆறு மணிக்குச் சுரங்கத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் தூங்கப்போவார்கள். சங்கக் காகிதம், சீட்டுக் காகிதம், கோயில் காகிதம் எல்லாம் அப்போதுதான் சீட்டுக்குச் சீட்டு வரும். முழங்காலில் வைத்துப் போட்டுவிட்டு அடுத்தவனிடம் தள்ளுவதுதான் வழக்கம், படிக்கிறவன் கிடையாது. அப்படித்தான் என் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்புகிற மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ரெண்டு நாள் குடுங்க சார்" என்றார். பெரிய சார், பிழைத்துப் போகட்டும் என்று தலையாட்டினார்.

அன்றைக்கு அப்பா தூங்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்து, "எழுதும்மா" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத்துக்கூட்டி எழுதினேன்: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கத்துவதால் எங்கள் தூக்கத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை, பிள்ளைகள் கத்தலாம், இப்படிக்கு நைட் ஷிப்ட் தொழிலாளர்கள். எட்டு வயதில் நான் எழுதிய முதல் மனு அது. அதற்கப்புறம் எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன், எதுவும் அவ்வளவு வேகமாக நடக்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் அப்பா அந்தத் தாளை முன் சீட்டில் நீட்டினார். அது பின் சீட்டுவரை போய்த் திரும்பி வந்தது. முதல் மனுவில் போட்ட அத்தனை பேரும் இதிலும் போட்டிருந்தார்கள். கூடவே டிரைவரும் போட்டிருந்தார். பரமசிவம் போட்டது ஐந்தாவது கையெழுத்து, அழகாகக் கீழே ஒரு கோடும் இழுத்திருந்தார்.

பெரிய சார் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்கள்ளாம் எதத்தான்யா படிப்பீங்க?"

"படிச்சிருந்தா மொதத் தாள்லயே போட்டிருக்க மாட்டேன் சார். அதுக்குத்தான் இவ படிக்கணுங்கறேன்."

பெரிய சார் தலையை ஆட்டினார். தோற்றதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு நிபந்தனை போட்டார்: மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறுகிற சங்கு ஊதும்போது மட்டும் கத்தலாம், சங்கு நின்றால் வாயை மூடிவிட வேண்டும். சங்குச் சத்தத்தில் எவனும் தூங்கமாட்டான், அந்தச் சத்தத்தோடு சேர்ந்து நாங்கள் கத்தினால் எவனுக்கும் தெரியாது. டி.சி. புத்தகத்தில் என் பெயரைக் குறுக்கே அடித்தார். பலகை மறுபடியும் சுவருக்கு வந்தது.

உடனே நான் தங்கமாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அதற்கப்புறமும் ஒருமுறை ஒருத்தியின் ஜடையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் அப்போது டீச்சர் பலகையைப் பார்த்துவிட்டு, "நேத்து ரெண்டு மணிக்கு நீ வெளிய வரல இல்ல?" என்று கேட்டார், பிரம்பைத் தேடவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், வீட்டைப் பார்க்க ஆள் இல்லாமல் என் படிப்பு நின்றது அதற்கப்புறம். அது யாரும் என்னைத் துரத்தி நின்றதில்லை.

இன்றைக்கு அந்த பிளாக்குகளில் பல வீடு பூட்டிக் கிடக்கிறது, மிச்ச வீட்டு ஜன்னலில் சாக்கு இல்லை, ஏ.சி. ஓடுகிறது. காகிதம் சுற்றுகிற பஸ்ஸும் இல்லை, அவரவர் பைக். என் கடைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிற குமாருக்கு ரெண்டாவது படிக்கிற பெண் ஒன்று, யாழினி. கடிக்கிறாள். மூன்று பேரைக் கடித்துவிட்டாள், பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அம்மா இல்லாத பிள்ளை. குமார் அழுதுகொண்டு வந்தான், நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகளின் மனசைப் பேசிப் பார்க்கிற கவுன்சிலர் என்று ஒரு பெண் மாதம் ஒருமுறை வருகிறாராம், நல்ல பெண்தான், அக்கறையாகப் பேசினார். ஜரீனா டீச்சரின் பலகையைப் பற்றி அவரிடம் சொன்னேன். "சூப்பர் ஆன்ட்டி, நாமளும் செய்யலாமே" என்று யாழினியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அப்பா இந்த வாரம் எந்த ஷிப்ட்மா?"

"தெரியாது."

"நைட்டு வீட்ல இருப்பாரா?"

"போன் வந்தா போயிடுவாரு."

எனக்கு அங்கேதான் உறைத்தது. எங்களுக்கு ஒரு ஷிப்ட் இருந்தது. கஷ்டமோ நஷ்டமோ, திங்கட்கிழமை எந்த ஆணி என்று தெரியும், அடுத்த வாரம் மாறும் என்றும் தெரியும். குமார் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். ஆள் குறைந்தால் எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள், இந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடுவான். எந்த ஆணியில் இவள் அட்டையை மாட்டுவது?

ஹெட்மிஸ்ட்ரஸிடம் நேராகவே சொன்னேன்: "ஒரு மாசம் டைம் குடுங்க. அதுக்குள்ள இவ திருந்தலன்னா நானே வந்து டி.சி.ய வாங்கிக்கறேன். இப்ப குடுத்தீங்கன்னா வாங்க மாட்டோம். வேணும்னா போலீசக் கூப்பிடுங்க, அவங்களுக்கும் நாற்காலி நான்தான் போடறேன்." அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். ஒரு மாதம் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்து வாசலிலேயே குமாரிடம் சொன்னேன், நாளையிலிருந்து என் பாத்திரக் குடோனில் வேலை, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு, ஞாயிறு லீவு, ராத்திரி கல்யாணத்துக்கு வேறு ஆள் போவான். "அக்கா, நாளைக்கு அங்க பெர்மனெண்ட் ஆக்குனாங்கன்னா?" என்று இழுத்தான். "ஆக்குனா சந்தோஷமா போ. அதுவரைக்கும் உன் பொண்ணுக்கு நீ பெர்மனெண்ட்டா இரு" என்றேன்.

மூன்று வாரம் ஆகிறது. ஒரே ஒரு கடிதான், அதுவும் அந்தப் பையன் முதலில் கிள்ளினான் என்று விசாரித்தே சொன்னார்கள். நேற்று குடோனுக்கு வந்த யாழினி என் மேசைக்கு முன்னால் நின்று, எங்க அப்பா எப்போ வருவாரு என்று கேட்கவில்லை. ஆறை நெருங்கிய சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.